ஏழையர் மருத்துவர் நிக்கோலஸ் கல்பெப்பர்

பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இலண்டன் மாநகரில் ஒருவருக்குக் காய்ச்சல் கண்டால், அவருடைய வீட்டார் நாடிச் செல்லத்தக்க வாயில்கள் பல இருந்தன. இலத்தீன் கற்ற பட்டதாரி மருத்துவர் ஒருவர். மருந்துச் சரக்குகளை இடித்துக் கலந்து விற்கும் மருந்துக் கடைக்காரர் ஒருவர். பல் பிடுங்குதலையும் குருதி எடுத்தலையும் தொழிலாகக் கொண்ட நாவிதர் ஒருவர். பச்சிலை அறிந்த அண்டை வீட்டு மூதாட்டி ஒருத்தி. கட்டம் வரைந்து கோள்நிலை பார்த்து நோயின் போக்கைச் சொல்லும் சோதிடர் ஒருவர். உலோகத் தகட்டில் குறியீடு பொறித்துக் கழுத்திற் கட்டிவிடும் தாயத்துக்காரர் ஒருவர். இவர்களை வேறு வேறு உலகத்தைச் சார்ந்தவர்களாகக் காண்பது நம் காலத்து வழக்கம். அக்காலத்து மக்கள் அவ்வாறு காணவில்லை. பல வேளைகளில் இவர்கள் அனைவரும் ஒரே மனிதராகவும் இருந்தனர்.

சைமன் போர்மன் (1552-1611) என்னும் இலண்டன் சோதிட மருத்துவரும், அவரிடம் பாடம் கேட்ட ரிச்சர்டு நேப்பியர் (1559-1634) என்னும் கிராமத்துப் பாதிரியாரும் தம்மிடம் வந்த நோயாளரைப் பற்றி எழுதிவைத்த ஏடுகள் இன்றும் ஆக்ஸ்போர்டு நகரத்துப் பாட்லியன் நூலகத்தில் உள்ளன. அவற்றில் ஏறத்தாழ 80,000 பதிவுகள் இருக்கின்றன. நோயாளரின் பெயர், வயது, கேள்வி கேட்ட நேரம், அந்நேரத்தின் கோள்நிலைக் கட்டம், அதன் கீழ் மருந்து என அவை அமைந்துள்ளன. பேதி மருந்தும் குருதி எடுத்தலும் எழுதப்பட்ட அதே கையால், இன்ன கோள் இன்ன இராசியில் நிற்கும் நேரம் பார்த்து உலோகத்தில் வார்த்து அணியவேண்டிய தாயத்தும் எழுதப்பட்டுள்ளது. தாயத்து என்பது எளிய மக்களின் மூடநம்பிக்கை என்று கூறிக் கடந்துவிடவும் இயலாது. கண்டமாலை என்னும் கழுத்துக் கழலை நோய் கண்டவர்களை இங்கிலாந்தின் மன்னரே தம் கையால் தொட்டு, துளையிட்ட பொற்காசொன்றை நாடாவில் கோத்து அவர்தம் கழுத்தில் அணிவித்தார். அரசர் கட்டினால் அருள், கிழவி கட்டினால் சூனியம் என்ற வேறுபாடு மட்டுமே அங்கிருந்தது.

இத்தகைய உலகில் பிறந்து, வானத்துக் கோள்களையும் வேலியோரத்துச் செடிகளையும் ஒரே ஏட்டில் வைத்துப் படித்து, அந்த ஏட்டை ஏழையரின் கையிலும் கொடுத்துச் சென்றவர் நிக்கோலஸ் கல்பெப்பர். தமிழ் கற்பிக்கும் எனக்கு மருத்துவ வரலாற்றில் என்ன வேலை என்று மாணவர்கள் கேட்கக்கூடும். கல்பெப்பரின் வாழ்வில் நடந்த பெரும் போராட்டம் ஒரு மொழிபெயர்ப்பைப் பற்றியது என்பதே என் விடை.

கல்பெப்பர் 1616 ஆம் ஆண்டு அக்டோபர் 18 ஆம் நாள் பிறந்தார். அவருடைய தந்தையார் சர்ரே மாவட்டத்தில் ஓக்லி என்னும் ஊரின் திருச்சபைக் குரு. மகன் பிறப்பதற்குச் சில நாள்களுக்கு முன்னரே அவர் இறந்துபோனார். கைக்குழந்தையுடன் தாய் மேரி, சசெக்ஸ் மாவட்டத்தின் ஐஸ்பீல்டு என்னும் சிற்றூரில் குருவாக இருந்த தம் தந்தையார் வில்லியம் அட்டர்சாலின் வீட்டை அடைந்தார். பாட்டனார் கண்டிப்பு மிக்கவர், தூய்மைவாதக் கொள்கையினர். பேரனைத் தம்மைப் போலவே குருவாக்க வேண்டும் என்பது அவரது எண்ணம். அதற்காகவே இலத்தீனையும் கிரேக்கத்தையும் புகட்டினார். அந்த இலத்தீன் பின்னாளில் எதற்குப் பயன்படப் போகிறது என்பதை அவர் அறிந்திருக்க நியாயமில்லை. சிறுவனுக்கோ வயல்வெளிகளில் கிடைத்த செடிகொடிகளின் மீதே நாட்டம் சென்றது.

பதினாறு வயதளவில் கேம்பிரிட்ஜுக்கு அனுப்பப்பட்டார். அங்கே அவரது கல்வி முடிவுறவில்லை. செல்வக் குடும்பத்துப் பெண்ணொருத்தியை அவர் விரும்பினார் என்றும், இருவரும் வீட்டாரறியாமல் மணம் செய்துகொள்ளப் புறப்பட்டனர் என்றும், அவரைச் சந்திக்க வந்த வழியில் அப்பெண் மின்னல் தாக்கி இறந்தாள் என்றும் ஒரு வரலாறு உண்டு. கல்பெப்பர் இறந்து ஐந்தாண்டுகளுக்குப் பின், 1659 இல் அவர் பெயரால் வெளிவந்த நூலொன்றின் முன்னே அமைந்த வாழ்க்கைக் குறிப்பு இதனைச் சொல்கிறது. கோள்களின் ஆட்சியை நம்பிய ஒருவரின் வாழ்வில் வானமே இறங்கி வந்து அடித்தது என்பது கதைக்கு மிகவும் பொருந்தி வருகிறது. அதனாலேயே சற்றுத் தயங்கி ஏற்கவேண்டியதாகவும் இருக்கிறது. எவ்வாறாயினும் அவர் பட்டம் பெறாமல் கேம்பிரிட்ஜை விட்டு வெளியேறினார். பாட்டனாரின் ஆதரவும் சொத்துரிமையும் கைநழுவின. 1634 அளவில் இலண்டனில் மருந்துக் கடைக்காரர் ஒருவரிடம் தொழில் பயிலும் இளைஞராகச் சேர்ந்தார்.

இவ்விடத்தில் அக்கால மருத்துவத் தொழிலின் அமைப்பைச் சிறிது விளக்குதல் வேண்டும். 1518 இல் எட்டாம் ஹென்றி மன்னரின் ஆணையால் இலண்டன் மருத்துவர் கழகம் நிறுவப்பெற்றது. நகரிலும் அதனைச் சுற்றியும் மருத்துவம் பார்க்க எவருக்கு உரிமை உண்டு, எவருக்கு இல்லை என்று முடிவு செய்யும் அதிகாரம் அக்கழகத்திற்கு இருந்தது. மீறியவர்களுக்குத் தண்டம் விதிக்கவும் சிறையிலிடவும் அதனால் முடிந்தது. மேலே குறித்த போர்மன் அவ்வாறு பன்முறை அல்லலுற்றவரே. மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழ்ந்த நகரத்தில் கழகத்தின் முழு உறுப்பினர்களாக இருந்தவர்கள் சில பத்துப் பேர்களே. அவர்கள் நோயாளியைப் பார்க்கப் பொற்காசு கேட்டனர். மருந்துக் கடைக்காரர்கள் மளிகை வணிகர் சங்கத்திலிருந்து பிரிந்து 1617 இல் தனிச்சங்கம் கண்டனர். ஆயினும் மருத்துவர் எழுதிக் கொடுத்ததைக் கலந்து தருவதே அவர்களின் வேலை என்பது கழகத்தின் நிலைப்பாடு. 1618 இல் கழகம் மருந்து நூலொன்றை இலத்தீனில் வெளியிட்டது. இன்ன மருந்துக்கு இன்ன சரக்கு, இன்ன அளவு என்று அதில் கண்டவாறே கடைக்காரர்கள் செய்தாகவேண்டும். எம்மருந்து எந்நோய்க்கு என்பது அதில் இல்லை. அந்த அறிவு மருத்துவரிடம் மட்டுமே இருக்கவேண்டும் என்பது ஏற்பாடு.

அந்த நூலின் உள்ளடக்கமும் நோக்கத்தக்கது. அரபு மருத்துவ மேதைகளான இப்னு மாசவைஹ், இப்னு சீனா போன்றோரின் பெயர்கள் மேலைநாட்டு உச்சரிப்பில் உருமாறி நின்ற மருந்துக் குறிப்புகள் அதில் பல இருந்தன. சிரப், ஜூலப் என்னும் சொற்களே அரபு வழியாக ஐரோப்பாவை அடைந்தவை. அவற்றோடு ஒற்றைக் கொம்புக் குதிரையின் கொம்பும், ஆட்டின் வயிற்றில் விளையும் பெசோவார் கல்லும், கொலையுண்ட மனிதனின் மண்டையோடும் மருந்துச் சரக்குகளாகவே அதில் இடம்பெற்றன. ஆக, கற்றோர் மருத்துவம் அறிவியலாகவும் கல்லாதோர் மருத்துவம் மாயமாகவும் இருந்தது என்று எவரேனும் கூறின் அது வரலாற்றுக்குப் பொருந்தாது. இப்னு சீனா சோதிடப் பலன்களை மறுத்துத் தனிநூலே எழுதியவர். அவருடைய அல்கானூனைப் பல்கலைக்கழகங்களில் பாடநூலாக வைத்துப் போற்றிய ஐரோப்பிய மருத்துவர்களோ சோதிடத்தைக் கைவிடவில்லை. வேண்டியதை எடுத்துக்கொண்டு வேண்டாததை விட்டுவிடும் வழக்கம் எல்லா நாட்டு அறிஞர்களிடமும் உண்டு போலும்.

கல்பெப்பர் தம் தொழிற்பயிற்சியையும் முறைப்படி நிறைவு செய்யவில்லை. 1640 இல் பதினைந்து வயதினரான ஆலிஸ் பீல்டு என்னும் வணிகர் மகளை மணந்தார். மனைவி வழி வந்த செல்வத்தைக் கொண்டு நகரத்தின் கிழக்கே, மதிலுக்கு வெளியே அமைந்த ஸ்பிட்டல்பீல்ட்ஸ் பகுதியில் ஒரு வீட்டை அமைத்துக்கொண்டார். கழகத்தின் கண்ணும் சங்கத்தின் கையும் எளிதில் எட்டாத ஏழையர் பகுதி அது. காலை வேளையில் மட்டும் நாற்பது நோயாளர்வரை அவர் வாயிலில் வந்து நின்றனர் என்பர். இல்லாதவரிடம் அவர் பணம் கேட்கவில்லை. தொலைநாட்டுச் சரக்கை எழுதிக் கொடுத்து நோயாளியைக் கடனாளியாக்கவும் இல்லை. அருகிலேயே விளையும் செடியைக் காட்டினார். சிறுநீர்க் குடுவையைத் தூக்கிப் பார்த்தே நோயறியும் அக்கால வழக்கத்தை எள்ளி நகையாடினார். நோயாளியைக் கண்டு, கேட்டு, அதன்பின் அவரது சாதகக் கட்டத்தைப் பார்த்தார்.

மக்கள் செல்வாக்கு வளர வளரப் பகையும் வளர்ந்தது. 1642 இல் ஒரு பெண், தன் உடல் மெலிந்து தேய்வதற்குக் கல்பெப்பர் வைத்த சூனியமே காரணம் என்று வழக்குத் தொடுத்தாள். சூனியக் குற்றம் மெய்ப்பிக்கப்பட்டால் தூக்குமேடை என்ற காலம் அது. கோள் பார்ப்பவர், பச்சிலை கொடுப்பவர், உரிமம் இல்லாதவர் என்று குற்றச்சாட்டுக்கு ஏற்ற எல்லாத் தகுதிகளும் அவரிடம் இருந்தன. நல்லூழாக நீதிமன்றம் அவரை விடுவித்தது. அவ்வாண்டிலேயே மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் இடையே உள்நாட்டுப் போர் மூண்டது. கல்பெப்பர் நாடாளுமன்றத்தின் பக்கம் நின்றார். காயம்பட்ட வீரர்களுக்கு மருத்துவம் செய்தார். 1643 இல் துப்பாக்கிக் குண்டு ஒன்று அவர் மார்பில் பாய்ந்தது. உயிர் தப்பிற்று; மார்பு மீளவில்லை. அதன் மேல் காசநோயும் பற்றியது. புகையிலையை மட்டும் அவர் விடவில்லை. பிறர் நோய்க்குப் பத்தியம் சொன்னவர் தம் நோய்க்குச் சொல்லிக்கொள்ளாதது நமக்கு வியப்பளித்தாலும், இத்தகைய மருத்துவரை நாம் கண்டிராதவர்கள் அல்லர்.

1641 இல் அச்சுத் தணிக்கையை நடத்திவந்த அரச நீதிமன்றம் கலைக்கப்பட்டிருந்தது. 1649 சனவரி 30 ஆம் நாள் முதலாம் சார்லஸ் மன்னர் தலை வெட்டப்பட்டார். முடியாட்சி வீழ்ந்த அவ்வாண்டிலேயே கல்பெப்பர் மருத்துவர் கழகத்தின் இலத்தீன் மருந்து நூலை ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்டார். கழகத்தின் அனுமதியை அவர் கேட்கவில்லை. சொல்லைப் பெயர்த்ததோடு அமையவும் இல்லை. ஒவ்வொரு மருந்தின் கீழும் அது எந்நோய்க்கு உரியது, எவ்வாறு உட்கொள்ளவேண்டும் என்பதைச் சேர்த்தார். தவறெனத் தாம் கருதியவற்றைத் தவறென்றே எழுதினார். ஏழைக்கு எட்டாத விலையுள்ள சரக்குகளைக் கண்ட இடமெல்லாம் கேலி செய்தார். குருமார் மக்களின் ஆன்மாவையும், வழக்கறிஞர் அவர்தம் சொத்தையும், மருத்துவர் அவர்தம் உடலையும் அறியாமையில் வைத்தே வாழ்கின்றனர் என்பது அவரது கருத்து. வேதநூல் ஆங்கிலத்தில் வந்தபின் மருந்துநூல் மட்டும் இலத்தீனில் ஏன் மறைந்திருக்க வேண்டும் என்பது அவர் எழுப்பிய வினா.

மன்னர் பக்கத்துச் செய்தித்தாள் ஒன்று அவரைக் குடிகாரர் என்றும், ஈராண்டுக் காலம் போதையில் இருந்து நூலைக் குழப்பிவிட்டார் என்றும் தூற்றியது. கல்லாதவர் கையில் மருந்தறிவு செல்வது பிள்ளை கையில் கத்தி கொடுப்பதற்கு ஒப்பாகும் என்ற எதிர்ப்பும் எழுந்தது. அந்த எதிர்ப்பை முற்றும் தன்னலம் என்று தள்ளிவிடுதல் நேர்மையாகாது. வீரியம் மிக்க பேதி மருந்துகள் நிறைந்த நூல் அது. அளவு தவறினால் உயிர்போகும். ஆயினும் மருத்துவரே கிட்டாத குடிசையில் நூலும் இல்லையென்றால் அவ்வுயிர் பிழைத்துவிடுமா என்ற கேள்விக்குக் கழகத்திடம் விடை இல்லை. 1650 இல் கழகம் தன் நூலைத் திருத்தி மறுபடியும் இலத்தீனிலேயே வெளியிட்டது. கல்பெப்பர் அதனையும் மொழிபெயர்த்து 1653 இல் வெளியிட்டார்.

அவருடைய சோதிட மருத்துவக் கொள்கையைக் காண்போம். ஒருவர் நோயால் படுக்கையில் விழுந்த நேரத்திற்கு ஒரு கட்டம் வரையவேண்டும். அந்நேரத்தில் திங்கள் நின்ற இடத்திலிருந்து அது வட்டத்தின் கால்பகுதியைக் கடக்க ஏறத்தாழ ஏழு நாள்கள் ஆகும். ஆகவே ஏழு, பதினான்கு, இருபத்தொன்று ஆகிய நாள்களில் நோய் திரும்பும் அல்லது முற்றும் என்பது கணக்கு. அரபியர் ஜாலினூஸ் என்று அழைத்த கிரேக்க மருத்துவர் கேலன் காலத்திலிருந்து வந்த கொள்கை இது. உடலின் உறுப்புகளுக்கும் நோய்களுக்கும் செடிகளுக்கும் ஆட்சிக் கோள்கள் உண்டு. ஒரு கோள் தந்த நோயை அதற்குப் பகையான கோளின் செடியால் தீர்க்கலாம். சில வேளைகளில் அதே கோளின் செடியாலும் தீர்க்கலாம். இரண்டாவது வழியையும் திறந்து வைத்ததனால், எந்தச் செடி எந்த நோயைத் தீர்த்தாலும் கொள்கைக்குப் பழுது வராது. கல்பெப்பர் இதனை உணர்ந்து செய்தார் என்று நான் கருதவில்லை. அவர் மனமார நம்பினார்.

1652 இல் வெளிவந்து மூன்று பென்சு விலைக்கு விற்கப்பட்ட அவரது மூலிகை நூலில் இக்கொள்கை செடிக்குச் செடி பேசுகிறது. பூண்டும், தொட்டால் அரிக்கும் நெட்டில் செடியும் செவ்வாய்க்குரியவை. புதினா வெள்ளிக்கோளுக்கும், வெள்ளரி திங்களுக்கும், குங்குமப்பூ சிங்கராசியில் ஆளும் ஞாயிற்றுக்கும் உரியன. மீன் சமைக்கும்போது பெருஞ்சீரகச் செடியைச் சேர்க்கும் வழக்கத்திற்கு அவர் கூறும் காரணம் சுவையானது. அது புதனின் செடி. கன்னி ராசியின் கீழ் வருவது. வான்வட்டத்தில் கன்னிக்கு நேரெதிரே இருப்பது மீனராசி. ஆகவே மீனால் வரும் கபத்தை அது முறிக்கிறது. சமைப்பவர்களுக்கு மட்டும் ஏன் சேர்க்கிறோம் என்பது தெரியாது என்கிறார். இதே நூலில்தான் ஹாம்ஸ்டெட் மேட்டுவெளியில் இன்ன பூ மிகுதியாகக் கிடைக்கும் என்ற குறிப்பும், எந்த மாதத்தில் பறிக்கவேண்டும் என்ற விவரமும், எல்லாரும் அறிந்த செடிக்கு வருணனை எதற்கு என்ற பொறுமையின்மையும் காணப்படுகின்றன. நூல் விலைபோன வேகத்தில் திருட்டுப் பதிப்பும் வந்துவிட்டது. 1653 இல் 369 மருந்துகளுடன் விரிந்த பதிப்பை வெளியிட்டபோது, மெய்ப் பதிப்பை அடையாளம் காணும் வழியையும் வாசகர்க்குச் சொல்லவேண்டியதாயிற்று.

தாயத்தைப் பற்றி அவர் கொண்ட நிலை தனியே குறிப்பிடத்தக்கது. காக்கை வலிப்புக் கண்ட பிள்ளைகளின் கழுத்தில் பியோனிச் செடியின் வேரைக் கட்டுவது பழைய மரபு. கேலனும் அதனைப் போற்றியவர். கல்பெப்பர் அம்மரபை மறுக்கவில்லை. அவ்வாறு கட்டிக் குணமான பிள்ளைகள் உண்டு என்றே எழுதுகிறார். ஆனால் அதனோடு நிறுத்தவில்லை. வேரைக் கழுவி நசுக்கி, திராட்சை மதுவில் ஒருநாள் ஊறவைத்து, வடித்துக் குடிக்கக் கொடுப்பதே உறுதியான வழி என்று சேர்க்கிறார். ஆண் பியோனிதான் சிறந்தது என்று மருத்துவர் பலரும் சொல்ல, பகுத்தறிவு என்றொரு வைத்தியரும் பட்டறிவு என்றொரு வைத்தியரும் தமக்குத் துணை என்று வேடிக்கையாக உருவகம் செய்து, ஆணுக்கு ஆண்செடி, பெண்ணுக்குப் பெண்செடி என்று தம் முடிவைக் கூறுகிறார். முடிவு பிழையே. எனினும் கழுத்தில் தொங்கிய வேரை அவர் கிண்ணத்திற்குள் இறக்கிவிட்டார் என்பதைக் கவனிக்கவேண்டும்.

அவர் கண்டவையும் காணாதவையும் பல. எலும்பு முறிவுக்குச் சனியின் செடி என்று அவர் போற்றிய காம்பிரே, உள்ளுக்குச் சாப்பிட்டால் ஈரலைக் கெடுக்கும் என்பது இன்று தெரியும். டிஜிட்டாலிஸ் என்னும் நரிக்கையுறைச் செடியை வெள்ளிக்கோளுக்கு உரியதாக்கிப் புண் ஆற்றும் மருந்தாக எழுதினார். அதே செடி இதய நோய்க்கு மருந்தாவதை வில்லியம் விதரிங் 1785 இல் நோயாளர் கணக்கோடு எழுதி நிறுவினார்; அவருக்கு வழிகாட்டியதும் ஒரு நாட்டுப்புறப் பெண்ணின் மூலிகைக் கலவையே. ருட்யார்டு கிப்ளிங் 1910 இல் வெளியிட்ட ஒரு சிறுகதையில் கல்பெப்பரைப் பாத்திரமாக்கினார். செவ்வாய்க்கும் திங்களுக்கும் உள்ள பகையைக் கணக்கிட்டு, எலிகளைக் கொன்றால் கொள்ளைநோய் தீரும் என்று அக்கதையில் அவர் முடிவு செய்கிறார், ஊர் பிழைக்கிறது. கற்பனைதான். ஆயினும் தவறான கணக்கில் சரியான விடை வந்த பல இடங்கள் அவருடைய உண்மை நூலிலும் உண்டு.

அவருடைய இல்லத்தின் துயரம் பெரிது. ஆலிஸுக்கும் அவருக்கும் பிறந்த ஏழு குழந்தைகளுள் அவர் காலத்திற்குப் பின் எஞ்சியது மேரி என்னும் ஒரு மகளே. 1651 இல் மருத்துவச்சியருக்காக அவர் எழுதிய பேறுகால நூலில், தம் பிள்ளைகளை இளமையிலேயே அடக்கம் செய்ய நேர்ந்ததே தம் சிந்தையை இத்துறையில் ஊன்றச் செய்தது என்பதை மறைக்காமல் குறிப்பிட்டுள்ளார். பேறுகாலம் பற்றிய அறிவும் அதுவரை பெரும்பாலும் ஆண்களின் இலத்தீனில் அடைபட்டுக் கிடந்ததாகும். சாதகம் கணிக்கத் தெரிந்த தந்தை ஒருவர், ஒன்றன்பின் ஒன்றாக ஆறு தொட்டில்கள் வெறுமையாவதைக் கண்டும் கணிப்பதை நிறுத்தவில்லை, எழுதுவதையும் நிறுத்தவில்லை. அவ்விரண்டில் எழுத்தைப் போற்றுகிறேன். மற்றதை நினைக்கும்போது இரக்கமே மேலிடுகிறது.

1652 மார்ச்சு மாதத்துச் சூரிய கிரகணத்தை வைத்து ஐரோப்பிய முடியரசுகள் வீழும் என்று தனிநூல் எழுதினார். அவை வீழவில்லை, இங்கிலாந்திலேயே எட்டாண்டுகளில் முடியாட்சி திரும்பிற்று. அதைக் காண அவர் இல்லை. 1654 ஆம் ஆண்டு சனவரி 10 ஆம் நாள் காசநோயால் ஸ்பிட்டல்பீல்ட்ஸ் வீட்டில் காலமானார். அகவை முப்பத்தேழு. நூல்கள் பெரும்பாலும் கடைசி ஐந்தாண்டுகளில், இருமலுக்கிடையே எழுதப்பட்டவை. அவர் இறந்தபின் அவர் பெயரில் நூல்கள் மேலும் மேலும் வந்தன. எது அவர் எழுதியது, எது அன்று என்று பதிப்பாளர்கள் வழக்காடினர். அச்சண்டையில் ஆலிஸும் சாட்சி சொல்ல நேர்ந்தது. மூலிகை நூல் 1708 இல் கடல் கடந்து அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் அச்சேறியது. நூற்றுக்கும் மேற்பட்ட பதிப்புகளைக் கண்டு, இன்றும் அச்சில் இருக்கிறது.

அவர் அடக்கம் செய்யப்பட்ட பெத்லெம் புதிய இடுகாடு, ஊர்ச்சபைக் கோயில்களில் இடங்கிடைக்காத எளியோர் பலரும் புதைக்கப்பட்ட நிலம். நகரம் வளர்ந்து அதனை மூடிவிட்டது. இலிவர்பூல் தெரு இரயில் நிலையத்தின் அருகே புதிய பாதாள இரயில் பாதைக்காக 2015 இல் அங்கே தோண்டியபோது மூவாயிரத்துக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் கிடைத்தன. 2022 முதல் அப்பாதையில் வண்டிகள் ஓடுகின்றன.